பட்டுப் பாதையில் புழங்கிய சொற்கள்

'பட்டுப் பாதை' எண்ட பெயர் ஆயிரம் வருசம் பழையது மாதிரிக் கேட்கும். ஆனால் அந்தப் பாதையில் ஒட்டகம் ஓட்டிய எவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 1877 இல் ரிக்ட்ஹோபன் என்ற ஜேர்மன் புவியியலாளர் பரவலாக்கிய சொல் அது. 2011 இன் தொடக்கத்தில், இணையத்தின் மறைவான பகுதியில் போதைப்பொருள் விற்க ஒரு சந்தையைத் திறந்த ரொஸ் உல்பிரிக்ட் என்ற அமெரிக்க இளைஞர் அதற்கு 'சில்க் ரோட்' எண்டு பெயர் வைத்தார். முதலில் அவர் யோசித்த பெயர் 'அண்டர்கிரவுண்ட் புரோக்கர்ஸ்'. அதைக் கேட்டால் கள்ளத் தரகர் ஞாபகம்தான் வரும். பட்டுப் பாதை எண்டால் வணிகரும் நாகரிகமும் ஞாபகம் வரும். அந்த உலகத்தின் சொற்களைப் பின்தொடர்ந்து போனால் இந்த வேலையைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

அந்தச் சந்தைகள் இயங்கிய 'தோர்' வலையமைப்பு குற்றவாளிகள் கண்டுபிடித்தது இல்லை. 1990களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் உருவான யோசனை அது. செய்தியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல குறியாக்க அடுக்குகளால் சுற்றி அனுப்புவதால் 'வெங்காயம்' என்ற பெயர். அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதற்கும் காரணம் இருந்தது. உளவாளிகள் மட்டும் பாவித்தால், பாவிக்கிற எல்லாரும் உளவாளி எண்டு உடனே தெரிந்துவிடும்! அங்கே புழங்கியவர்கள் நாங்கள் நாளாந்தம் பாவிக்கிற சாதாரண இணையத்துக்கு 'கிளியர்நெட்' எண்டு பெயர் வைத்தார்கள்.

போதைப்பொருட்களின் பட்டப்பெயர்கள்தான் நிறைய இருக்கும் எண்டு நினைத்துத்தான் நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். ஆனால் முக்கியமான சொற்களில் பெரும்பாலானவை நம்பிக்கையைப் பற்றியவை. முகம் தெரியாத, பொலிஸுக்கும் போக முடியாத இரண்டு பேர் எப்படி வியாபாரம் செய்வது? அதற்கு வந்தது 'எஸ்க்ரோ'. வாங்குபவரின் பிட்கொயினைச் சந்தை பிடித்து வைத்திருக்கும், பொருள் கிடைத்தது எண்டு அவர் சொன்ன பிறகுதான் விற்றவருக்குப் போகும். சொல் ஒன்றும் புதிசில்லை, காணி வியாபாரத்திலும் சட்டத்திலும் இருந்த பழைய சொல். பிறகு 'எவ்.ஈ' வந்தது: பொருள் வர முதலே காசை விடுவிக்கச் சொல்வது. 2012 ஏப்ரலில் 'டோனி76' என்ற பெயரில் விற்ற ஒருவர், நல்ல பெயரெல்லாம் சம்பாதித்த பிறகு, மலிவு விற்பனை எண்டு அறிவித்து எல்லாரிடமும் எவ்.ஈ கேட்டார். காசு போனது, பொருள் வரவில்லை.

ஒரு விற்பனையாளர் இல்லாமல் சந்தையே ஓடினால் அதற்கு 'எக்ஸிட் ஸ்காம்'. 2015 மார்ச்சில் 'எவலூஷன்' என்ற சந்தையை நடத்தியவர்கள், எஸ்க்ரோவில் கிடந்த ஏறக்குறைய 1 கோடி 20 இலட்சம் டொலர் பெறுமதியான பிட்கொயினோடு மறைந்தார்கள். எங்கட ஊரில் இதை விளங்கப்படுத்தக் கஷ்டப்படத் தேவையில்லை. சீட்டுப் பிடிச்ச ஆள் காசோட ஓடின கதை எந்த ஒழுங்கையில இல்லை? வித்தியாசம், இங்கே ஓடினவரின் தாய் தகப்பனையாவது தெரியும்.

உல்பிரிக்ட் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'டிரெட் பைரேட் ரொபேர்ட்ஸ்'. 'த பிரின்சஸ் பிரைட்' நாவலில் இது ஒருவரின் பெயர் இல்லை, ஒரு கடற்கொள்ளையன் ஓய்வு பெறும்போது அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற பெயர். 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில், திறந்திருந்த லப்டொப்போடு அவரை எவ்.பி.ஐ பிடித்தது. வழக்கில் அவருடைய தரப்பு சொன்னதும் அந்தக் கதையைத்தான்: தொடக்கினது அவர், ஆனால் பெயரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். ஜூரி நம்பவில்லை. 2015 மே மாதம் ஆயுள் தண்டனை, 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப்பின் மன்னிப்பு.

தண்டனை சொன்ன அன்று, அந்தச் சந்தையில் வாங்கிய போதைப்பொருளால் இறந்ததாக அரசதரப்பு சொன்ன இளையவர்களின் பெற்றோர் நீதிமன்றத்தில் பேசினார்கள். எங்களை நிறுத்தி வைத்தது இந்த இடம்தான். அந்தச் சந்தையின் அகராதியில் விற்பவர் 'வென்டர்', பொதி சந்தேகம் வராமல் வந்தால் அது 'ஸ்டெல்த்', திருப்தி எண்டால் ஐந்து நட்சத்திரம். இறந்த பிள்ளைக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. சில்க் ரோட் தெருச் சண்டையையும் துப்பாக்கியையும் குறைத்தது எண்டு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நாங்கள் முழுக்கத் தள்ளவில்லை. ஆனால் அது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது.

பொலிஸும் இந்த மொழியைப் படித்துக்கொண்டது. 2017 இல் நெதர்லாந்துப் பொலிஸ் 'ஹன்சா' என்ற சந்தையைக் கைப்பற்றி, மூடாமல், ஒரு மாதமளவு தாங்களே நடத்தியது. அந்த நேரம் 'அல்பாபே' என்ற பெரிய சந்தை முடக்கப்பட, அங்கிருந்து தப்பின சனம் நேரே பொலிஸின் கடைக்குள்ளே வந்து சேர்ந்தது. 'ஹனிபொட்', அதாவது தேன் பானை, எண்டு முன்பு ஆளுக்காள் பயமுறுத்தின சொல் அன்றைக்கு உண்மையாயிற்று.

ரஷ்ய மொழியில் நடந்த 'ஹைட்ரா'வில் வேறொரு சொல் இருந்தது. அங்கே பொருள் தபாலில் வருவதில்லை. பூங்காவிலோ சுவர் இடுக்கிலோ ஒளித்து வைத்துவிட்டு இடத்தை மட்டும் சொல்வார்கள். ஒளித்து வைத்த பொதிக்குப் பெயர் 'கிளாட்', ரஷ்ய மொழியில் புதையல். சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகத்தில் வருகிற சொல். அதை ஒளிக்கிற கூலிக்காரன் 'கிளாட்மென்'. சந்தையை நடத்தியவர்கள் கண்காணாமல் இருக்க, தெருவில் பிடிபட்டு மறியலுக்குப் போனது இந்தக் கூலிக்காரர்கள்தான். 2022 ஏப்ரலில் ஜேர்மன் பொலிஸ் ஹைட்ராவின் சேர்வர்களை முடக்கியபோது, அதில் ஏறக்குறைய 1 கோடி 70 இலட்சம் வாடிக்கையாளர் கணக்குகள் இருந்தன. பிறகு வேறு சந்தைகள் அந்த இடத்தைப் பிடித்தன. புதையல் என்ற சொல்லும் அவற்றோடு போனது.