'முடிந்தது' என்னும் சொல்லின் வரலாறு

எங்கள் ஆய்வுக்குழுவின் உரைத்தொகுப்பில் சொல்வகைகளைக் குறிக்கும் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் செய்கின்றன. அவை தத்தம் பணியின் நிலையை ஒரு சிறு மென்பொருள் கருவியின் வழியே தெரிவிக்கும். அக்கருவிக்கு ஆவணம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'முடிந்தது' என்று ஒரு முகவர் தெரிவித்திருந்த கோப்பைத் திறந்தபோது, கடைசி 40 வாக்கியங்களில் ஒரு குறியும் இல்லை. முகவர் பொய் சொல்லியதா? கோப்பைச் சேமித்ததையே அது முடிவெனக் கொண்டிருந்தது. நாங்களோ எல்லா வாக்கியங்களும் குறிக்கப்படுவதை முடிவெனக் கொண்டிருந்தோம். அச்சொல்லின் பொருளை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத முற்பட்டபோதுதான், இச்சிக்கலுக்கு நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பது புலப்பட்டது.

1982 இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணம் மின்னஞ்சல் பரிமாற்ற நெறிமுறையை வகுத்தது. அதில் ஒவ்வொரு மறுமொழிக்கும் மூன்று இலக்க எண் உண்டு. எண் இயந்திரத்துக்கு, உடன்வரும் சொற்கள் மனிதருக்கு. 2 இல் தொடங்கினால் பணி நிறைவேறியது. 4 எனில் தற்காலிகத் தோல்வி, மீண்டும் முயலலாம். 5 எனில் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. 1989 இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1123 இன்னும் ஓர் அடி முன்சென்றது. மடலைப் பெற்றுக்கொண்டு 250 என்று விடையளிக்கும் கணினி, அதை உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஏற்கிறது என்றது. பின்னர்க் கணினி செயலிழந்தது என்பதும் மடலைத் தொலைத்ததற்குச் சாக்காகாது. ஜே. எல். ஆஸ்டினைப் படித்தவர்களுக்கு இது விளங்கும்: 250 என்பது வெறும் தகவலன்று, ஒரு வாக்குறுதி. 1996 இன் எச்டிடிபி 1.0 ஆவணமோ 202 என்னும் எண்ணுக்கு நேர்மாறான இயல்பைத் தந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது, பணி இன்னும் முடியவில்லை. முடியும் என்ற உறுதியும் இல்லை.

முகவர்களின் வரலாறு இதற்கு இணையாக ஓடியது. 1980 இல் ரீட் ஸ்மித் முன்வைத்த ஒப்பந்த வலை நெறிமுறையில், பணியை அறிவிக்கும் மேலாளரும் அதை ஏற்கும் ஒப்பந்ததாரரும் கணினி நிரல்களே. ஒப்பந்ததாரர் இடைக்கால அறிக்கையும் இறுதி அறிக்கையும் தருவதற்கு அங்கேயே இடமிருந்தது. 1996 இல் தோன்றிய ஃபிபா அமைப்பு, பேச்சுச் செயல் கோட்பாட்டைத் தழுவி முகவர்களுக்கு ஒரு தொடர்பு மொழியை வகுத்தது. பணியைச் செய்ய மறுப்பதும், செய்ய முயன்று தோற்பதும் அதில் இரு வேறு செயல்கள். 'தெரிவித்தல்' என்னும் செயலுக்கு ஒரு முன்நிபந்தனையும் உண்டு: தெரிவிக்கும் முகவர் தான் சொல்வதை உண்மையென நம்ப வேண்டும்.

இந்த நம்பிக்கையை யார் சோதிப்பது? 1998 இல் முனிந்தர் சிங் எழுப்பிய மறுப்பு இதுவே. முகவரின் அகநிலையை வெளியிலிருந்து சரிபார்க்க இயலாது. ஆகவே சொற்களின் பொருளை நம்பிக்கையின்மீது அன்றி, பிறர் அறிய ஏற்றுக்கொள்ளும் கடப்பாட்டின்மீது நிறுவ வேண்டும் என்றார் அவர். மின்னஞ்சல் நெறிமுறை 1989 இலேயே நடைமுறையில் கண்டறிந்ததை, முகவர் ஆய்வு கோட்பாடாக வந்தடைந்தது எனலாம்.

இன்றைய மொழி மாதிரிகள் அவ்விவாதத்தை மீண்டும் உயிர்ப்பித்துள்ளன. 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்த ஏ2ஏ நெறிமுறை, பணி ஒப்படைக்கப்பட்டது, நடக்கிறது, உள்ளீடு தேவை, நிறைவுற்றது, தோல்வியுற்றது என நிலைகளைப் பட்டியலிடுகிறது. பட்டியல் பெயர்களைத்தான் தரும். ஒரு குறிப்பிட்ட பணியில் நிறைவு என்பது எது என்பதை அந்தந்தக் கருவியின் ஆவணமே சொல்லியாக வேண்டும். முன்பு அவ்வாவணத்தை நிரலர் படித்து நிரலாக்கினார். இப்போது முகவரே படித்து அதன்படி நடக்கிறது. ஆவணத்தில் ஒரு சொல் மங்கினால், அந்த மங்கல் நேரே செயலில் வெளிப்படுகிறது.

தமிழ் இலக்கணம் இங்கு எனக்குக் கைகொடுத்தது. 'முடிந்தது' தன்வினை, செய்தவர் யாரென்று அது காட்டாது. 'முடித்தேன்' பிறவினை, அதன் விகுதியிலேயே பொறுப்பேற்பவர் இருக்கிறார். ஆவணத்தின் அப்பகுதியைத் திருத்தி எழுதினேன். தரப்பட்ட வாக்கியங்கள் எத்தனை, குறிக்கப்பட்டவை எத்தனை என இரண்டையும் முகவர் தர வேண்டும். இரண்டும் சமமானால் மட்டுமே 'முடித்தேன்' எனலாம். இல்லையேல் 'நிறுத்தினேன்' என்று சொல்லிக் காரணத்தையும் தர வேண்டும். அவ்வெண்ணிக்கையைத் தனியொரு நிரல் மீண்டும் எண்ணிப் பார்க்கும்.

குறியிடப்படாத அந்த 40 வாக்கியங்களையும் முகவரிடம் மறுபடி ஒப்படைத்தோம். இம்முறை வந்த அறிக்கை: '37 குறித்தேன், 3 வாக்கியங்களில் எழுத்துகள் சிதைந்துள்ளன, நிறுத்தினேன்.' முந்தைய 'முடிந்தது' என்பதைவிட இந்தத் தோல்வி அறிக்கையே எங்கள் ஆய்வுக்குப் பயன்பட்டது.