கேட்கக் கூடாத கேள்வி பிறந்த கதை

அன்னம் இழுத்துவரும் படகில் ஊர் பேர் தெரியாத வீரன் ஒருவன் வந்து இறங்குகிறான். இக்கட்டில் இருக்கும் ஒரு பிரபு குடும்பத்துக்காகப் போரிட்டு, அந்த வீட்டுப் பெண்ணை மணக்கிறான். ஒரே நிபந்தனை: அவன் யார் என்று கேட்கக் கூடாது. ஒருநாள் அவள் கேட்டுவிடுகிறாள், அவன் போய்விடுகிறான். 12ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கதை பிரெஞ்சுக்காரர்களிடம் உலவியது. ஜெருசலேமைப் பிடித்த சிலுவைப்போர்த் தலைவர் கோட்ஃப்ரி அந்த வீரனின் வழிவந்தவர் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

ஏன் கேட்கக் கூடாது? பழைய கதையில் அது மாய உலகத்து விதி, அவ்வளவுதான். அதற்கு ஒரு காரணத்தைப் படைத்தவர் வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் என்ற ஜெர்மானியக் கவிஞர். 1200-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அவர் இயற்றிய ‘பார்ட்சிவால்’ காவியம் ஏறத்தாழ 25,000 அடிகள் நீளமானது. அதன் உயிர்நாடி, கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

இளைஞன் பார்ட்சிவால் கிரெயில் கோட்டைக்கு வருகிறான். மண்டபத்தில் அகில் கட்டைகள் எரிகின்றன. அவ்வளவு நெருப்புக்கு அருகிலும் மன்னன் அன்ஃபோர்டாஸ் குளிர் தாளாமல் உரோம ஆடைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறான். நஞ்சு தோய்ந்த ஈட்டி தந்த புண் ஆறவில்லை; கிரெயில் என்னும் அற்புதக் கல்லைப் பார்ப்பவருக்கு அந்த வாரம் மரணம் இல்லை என்பதால் சாகவும் முடியவில்லை. இரத்தம் வழியும் ஈட்டியைக் கொண்டுவரும்போது சபையே அழுகிறது. விருந்தாளி வாய் திறந்து என்ன துன்பம் என்று விசாரித்தால் போதும், மன்னன் குணமாவான். பார்ட்சிவால் கேட்கவில்லை. அதிகம் கேள்வி கேட்காதே என்று குர்னமான்ட்ஸ் என்ற பெரியவர் சொல்லிக்கொடுத்திருந்தார். வோல்ஃப்ராமுக்கு முன்னோடியான பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியனின் கதையில், கேட்க வேண்டியது ஈட்டியையும் கிரெயிலையும் பற்றித்தான். அதை நோயாளியை நலம் விசாரிக்கும் கேள்வியாக மாற்றியது வோல்ஃப்ராமின் பெரிய சாதனை என்பேன். பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் திரும்பிவந்து பார்ட்சிவால் அதைக் கேட்கும்போது, எதிரில் இருப்பது தன் தாய்மாமன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காவியத்தின் கடைசியில்தான் முடிச்சு விழுகிறது. கிரெயில் கல்லில் புதிய எழுத்துகள் தோன்றுகின்றன: அயல்நாட்டுக்குத் தலைவனாக அனுப்பப்படும் கிரெயில் வீரன், தன் பெயரையும் குலத்தையும் யாரும் கேட்காதபடி தடுக்க வேண்டும். அன்ஃபோர்டாஸ் ஒரு கேள்விக்காக அத்தனை காலம் துடித்ததால், கிரெயில் கூட்டத்தாருக்கு இனிக் கேள்வி என்றாலே ஆகாது என்கிறார் கவிஞர். அந்த விதியோடு அன்னப் படகில் பிரபான்ட் நாட்டுக்குப் போகிறவன் பார்ட்சிவாலின் மகன் லோஹெராங்ரின். தந்தை கேட்கத் தவறிய கேள்வியின் வலி, மகனுக்குத் தடையாக வந்து சேர்கிறது. ஊரில் உலவிய அன்னக் கதையைக் காவியத்தின் வாலில் ஒட்டியதாக இதைப் பார்ப்பது தவறு. இரண்டையும் சேர்த்து அவர் ஒரே குடும்பத்தின் துயரமாக்கிவிட்டார்.

அங்கே அவன் மணக்கும் பிரபான்ட் சீமாட்டிக்கு வோல்ஃப்ராம் பெயர்கூடத் தரவில்லை. ஆனால் கணவனோடு வாழ்ந்து பிள்ளைகள் பெறும் காலத்தைத் தந்தார். பிறகே அவள் கேட்கிறாள். வாள், கொம்பு, மோதிரம் மூன்றையும் விட்டுவிட்டு அவன் படகேறுகிறான். 1850இல் வைமாரில் அரங்கேறிய வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசை நாடகத்தில், எல்சா என்று பெயர் பெறும் அந்த மனைவி திருமண இரவிலேயே கேட்டுவிடுகிறாள். மேடைக்கு அந்த வேகம் பொருந்தும். எனக்கென்னவோ, பல காலம் பொறுத்திருந்து கேட்ட அந்தப் பெயரில்லாத மனைவியின் கேள்விதான் கனமாகத் தெரிகிறது.