எஃகின் ஒரே விலையும் மாநிலங்களின் தரவரிசையும்

மாநிலங்களின் தனிநபர் வருமானப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் பீகார் கடைசியில் நிற்பதும், அதற்கான காரணம் அம்மாநிலத்தின் நிர்வாகத்திலும் சாதி அரசியலிலும் தேடப்படுவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் பங்குண்டு. ஆயினும் அந்தத் தேடல், எல்லா மாநிலங்களும் தத்தம் இயற்கை வளத்தின் பலனைத் தடையின்றிப் பெற்றன என்று எடுத்துக்கொள்கிறது. எஃகின் விலை வரலாறு வேறு கதை சொல்கிறது.

1907-இல் தொடங்கப்பட்ட டாடா இரும்பு எஃகு நிறுவனம் அன்றைய வங்காள மாகாணத்துச் சாக்சியை, அதாவது பின்னாளைய ஜம்ஷெட்பூரை, தேர்ந்ததற்குக் காரணம் அண்மை. இரும்புத்தாது, நிலக்கரி, ஆற்றுநீர் மூன்றும் எட்டும் தொலைவில் இருந்தன. எஃகைப் பயன்படுத்தும் தொழில்களும் அதே தர்க்கப்படி கிழக்கிலேயே திரண்டிருக்க வேண்டும். 1956-இல் நடைமுறைக்கு வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை அந்தத் தர்க்கத்தை அறுத்தது. நாடெங்கும் எஃகு ஒரே விலை. அவ்விலையில் சராசரி ரயில் கட்டணம் அடக்கம். ஆலைக்கு அருகிலிருந்தவர் தமக்கு ஆகாத செலவையும் சேர்த்துச் செலுத்தினார்; தொலைவிலிருந்தவரின் கூடுதல் செலவை அது ஈடுகட்டியது. ராஞ்சியின் பட்டறைக்கும் லூதியானாவின் பட்டறைக்கும் கோயம்புத்தூரின் பட்டறைக்கும் எஃகு ஒரே விலைக்குக் கிடைத்தது. சிமெண்டுக்கும் இத்தகைய ஏற்பாடு இருந்தது.

இதைச் சதி என்று கொள்வது பிழை. எல்லா வட்டாரங்களிலும் தொழில் வளர வேண்டும் என்பதே அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் பருத்திக்கு இச்சலுகை நீட்டப்படவில்லை. மேற்கு இந்தியா தன் பருத்தியின் அண்மையை வைத்துக்கொண்டது. கிழக்கு தன் எஃகின் அண்மையை இழந்தது. கொள்கையின் நடுநிலை குறித்த ஐயம் எழுவது இங்கேதான்.

கிழக்கின் சரிவு முழுவதையும் இக்கொள்கையின் தலையில் ஏற்றவும் இயலாது. 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டம் விட்டுச்சென்ற நில உறவுகள் உண்டு. பிரிவினை சணல் ஆலைகளை இந்தியாவிலும் சணல் வயல்களில் பெரும்பகுதியைக் கிழக்குப் பாகிஸ்தானிலும் நிறுத்தியது. 1960களின் நடுவில் ரயில் பெட்டிக் கொள்முதல் குறைந்தபோது ஹௌராவின் பொறியியல் தொழில் தளர்ந்தது. எஃகுக்கான சமன்பாடு 1990களின் தொடக்கத்தில் நீக்கப்பட்ட பின்னரும் பீகார் தொழில் மாநிலமாகிவிடவில்லை.

ஒப்பீட்டின் அலகும் நிலையானதன்று. 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் பிரிந்தபோது ஜம்ஷெட்பூர், பொகாரோ, தன்பாத் மூன்றும் அதனுடன் சென்றன. 1960-இன் பீகாரையும் இன்றைய பீகாரையும் ஒரே கோட்டில் வரையும் வரைபடம் இரு வேறு நிலப்பரப்புகளை ஒன்றாக்கிவிடுகிறது. பழைய எல்லைக்குத் திரும்பிக் கூட்டினாலன்றி அத்தொடருக்குப் பொருளில்லை. மேலும், மாநில உள்நாட்டு உற்பத்தி என்பது உற்பத்தி நடந்த இடத்தின் கணக்கு. திருப்பூரில் தைக்கும் பீகார்த் தொழிலாளியின் உழைப்பு தமிழ்நாட்டின் கணக்கில் ஏறுகிறது. அவர் ஊருக்கு அனுப்பும் பணம் பீகாரின் உற்பத்திக் கணக்கில் வருமானமாகப் பதிவாவதில்லை.