பரதேசியின் சுமையும் பாலர் சித்திரப் புத்தகமும்

குழந்தைகளுக்குக் கற்பனைக் கதை வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா சீர்திருத்தம் பேசும் நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. பேயும் பூதமும் அரக்கரும் நிறைந்த புராணக் கதைகளால் நம் பிள்ளைகளின் அறிவு மழுங்கிற்று என்பது உண்மை. ஆதலின், அரக்கன் வரும் கதை எதுவாயினும் ஒதுக்கிவிட வேண்டும் என்று அன்பர் சிலர் முடிவு கட்டுகின்றனர். அம்முடிவு சரிதானா என்பதை ஒரு புத்தகத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். அது கிறிஸ்தவப் புத்தகமே. ஆயினும் எச்சமயத்தாரும், எச்சமயமும் வேண்டாதாரும் அறியத்தக்க வரலாறு உடையது.

இங்கிலாந்தில் பெட்போர்டு என்னும் ஊரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர் ஜான் பன்யன். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடுவது அவர் தந்தையின் தொழில். அவருடைய தொழிலும் அதுவே. கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். அரசாங்கச் சபையின் உத்தரவின்றிச் சமயப் பிரசங்கம் செய்தார் என்று 1660-ஆம் ஆண்டில் அவரைச் சிறையிலிட்டனர். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று வாக்களித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் வாக்களிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. அச்சிறைவாழ்வில் முளைத்து 1678-இல் அச்சேறிய நூலே தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என வழங்குவது.

கதை எளியது. அழியப்போகும் நகரத்தில் வாழும் ஒருவன், முதுகிலே பெருஞ்சுமையோடு, வான நகரத்தை நாடி நடக்கிறான். வழியில் அவநம்பிக்கைச் சேறு அவனை விழுங்கப் பார்க்கிறது. மாயச் சந்தையில் பட்டமும் பதவியும் விற்கிறார்கள். வாங்க மறுத்த அவனுடைய தோழன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் கொல்லப்படுகிறான். பிறகு நிராசை என்னும் இராட்சதன் அவனையும் மற்றொரு துணைவனையும் பிடித்துச் சந்தேகக் கோட்டையில் பூட்டுகிறான். பல நாள் பட்டினிக்கும் அடிக்கும் பின்னர், கோட்டைப் பூட்டுகளைத் திறக்கும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பதை அவன் நினைவு கூர்கிறான்.

இங்கும் இராட்சதன் வருகிறான்; பூதம் வருகிறது. ஆயின் புராணத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. இவை நடந்தன, நம்பு, நம்பாவிடில் நரகம் என்கிறது புராணம். பன்யனோ, இது நான் கண்ட கனவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். 1679-ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பில் அச்சிட்ட படமும், ஆசிரியர் கண்மூடி உறங்குவதாகவே அமைந்தது. கனவு என்று அறிந்தே கேட்கும் பிள்ளை, இராட்சதனைக் கண்டு நடுங்குவதோடு நில்லாது, அவன் பெயர் என்ன, அவனை வெல்வது எப்படி என்று கேட்கத் தொடங்குகிறது. கற்பனை அறிவுக்குப் பகையாவது, தன்னை மெய்யென்று சாதிக்கும்போதுதான்.

இந்நூலைப் பன்யன் பாலருக்கென்று எழுதவில்லை. பாலர் தாமாகவே அதனைக் கைப்பற்றிக்கொண்டனர். பாலருக்கென்றே அவர் 1686-இல் வேறொரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். தவளை, தேனீ, சிலந்தி, மெழுகுவர்த்தி, முட்டை என அடுப்படியிலும் தோட்டத்திலும் காணும் பொருள்களே அதில் பாடமாயின. பிற்காலத்துப் பதிப்பாளர் அதற்குப் படங்களும் சேர்த்தனர். குழந்தை அறிந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் உண்மையை, பாத்திரம் ஒட்டிய அவ்வேழை நன்கு உணர்ந்திருந்தார்.

தமிழ்நாட்டிற்கு இக்கதை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உரைநடையாக வந்துவிட்டது. பின்னர், நெல்லை நாட்டிலே வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858-இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இதனைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். பாளையங்கோட்டை ‘நற்போதகம்’ பத்திரிகையில் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்து, 1894-இல் அது நூலாயிற்று. மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுட்கள். கம்பனை நினைவூட்டும் நடை. தமிழுக்குப் பெருமையே. ஆனால் உழவனும் தொழிலாளியும் அடுப்பருகே படித்த கதை, நம்மிடம் வந்ததும் வித்துவான்கள் பதம் பிரித்துப் பொருள் கூறும் காப்பியமாயிற்று. எளியாரின் பொருளைப் புலவரின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது நமக்குப் பழகிப்போன வழக்கம்.

நம் அண்டை வீட்டுச் சீனர் செய்ததைப் பாருங்கள். பினாங்கில் கன்டோனிய மொழி பேசுவோர் பலர் வாழ்கின்றனர். அவர்களுடைய பேச்சுமொழியிலேயே இக்கதை 1871-இல் கன்டோன் நகரில் முப்பது படங்களோடு வெளிவந்தது. அப்படங்களில் யாத்திரிகன் சீன உடை உடுத்திருக்கிறான். வீடும் வாயிலும் சீனத்து வீடும் வாயிலுமே. மலாய் பேசும் பாபா சீனருக்காகவும், அவர்கள் பேசுகிறபடியே, ஷெல்லபேர் பாதிரியார் 1905-இல் சிங்கப்பூரில் இதனை வெளியிட்டார். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற எம்போன்றோரோ, இங்கிலாந்துத் தொப்பியும் காலுறையும் அணிந்தவனையே யாத்திரிகன் என்று கண்டு வளர்ந்தோம். நெடுவழி நடந்து துன்பத்தை வெல்பவன் நம் நிறத்தவனாக இருக்கக்கூடும் என்று எந்தப் படமும் எங்களுக்குச் சொல்லவில்லை.

‘பரதேசி’ என்ற சொல்லின் பொருளை நம்மைவிட அறிந்தவர் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்கென அடைபட்டு, பின்பு செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களிலும் இரப்பர்த் தோட்டங்களிலும் கால்வைத்தவர் நம் முன்னோர். அவர்கள் முதுகிலும் சுமை இருந்தது: துணிமூட்டை ஒன்று, கண்ணுக்குத் தெரியாத முன்பணக் கடன் மற்றொன்று. ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்படும்வரை, அந்தச் சுமையை இறக்கிவைக்க வழியறியாதார் எத்தனை பேர்! சம்பள நாளன்று தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் கூடியதுதான் நம் மாயச் சந்தை. சாதி என்னும் இராட்சதனும் கடல் தாண்டி உடன் வந்தான். அவன் கோட்டையைத் திறக்கும் கல்வியாகிய திறவுகோல் நம் மடியிலேயே இருந்தது.

1684-இல் பன்யன் எழுதிய இரண்டாம் பாகத்தையும் மறத்தலாகாது. முதற் பாகத்தில் தலைவன் மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். இரண்டாம் பாகத்தில் அவன் மனைவி நான்கு ஆண்மக்களோடும், மற்றொரு பெண்ணோடும் அதே வழியில் நடந்து செல்கிறாள். ஆண் முன்னே வந்து, பெண்டு பிள்ளைகள் பின்னே வந்து சேர்ந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ! பெண்ணைப் பயணத்தின் தலைவியாக வரைந்த படம் நம் பெண்குழந்தைகளுக்கு மிகவும் தேவை.

ஆகவே, சித்திரம் தீட்ட வல்ல இளைஞரும், எளிய தமிழ் எழுத வல்ல ஆசிரியரும் கூடி இத்தகைய புத்தகம் ஒன்றைச் செய்தல் வேண்டும். கிறிஸ்தவர் தம் வான நகரத்தை அதில் வரையட்டும். சமயம் வேண்டாதார் சமத்துவ நகரத்தை வரையட்டும். இரண்டிற்கும் நிபந்தனை ஒன்றே: முதற் பக்கத்தில், இது கனவு என்று நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தோட்டங்கள் பல துண்டாகி, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட இந்நாளில், பாட்டன் நடந்த வழியைப் பேரப்பிள்ளை அறிவதற்கு அந்தக் கனவு துணை செய்யும்.