உரப்: தூவலா, பிசைதலா?

பாலித் தீவின் சமையலில் தேங்காய்த் துருவலை நம்பி நிற்கும் பதார்த்தங்கள் பல. வேகவைத்த கீரையோடும் காயோடும் சேர்வது உரப். கொத்திய இறைச்சியும் காயும் கலந்தது லாவார். மீன் விழுதைக் குச்சியில் பொதிந்து சுடுவது சாத்தே லிலித். சோற்றின்மேல் தூவுவது சாவுர். இவற்றுள் ஒன்றின் பெயரிலும் தேங்காய் இல்லை. பாலி மொழியில் தேங்காய்க்குச் சொல் இல்லாமலில்லை. ‘நியூஹ்’ என்பது மலாயின் ஞியுர், தகாலோகின் நியோக், ஹவாயின் நியு ஆகியவற்றோடு ஒரே வேரில் கிளைத்த பழஞ்சொல். துருவுவதற்கும் ‘கிகிஹ்’ என்ற தனிவினை இருக்கிறது. பொருளுக்கும் செயலுக்கும் சொல் வைத்திருப்பவர்கள் பதார்த்தத்துக்குப் பெயரிடும்போது மட்டும் அவ்விரண்டையும் ஏன் விட்டார்கள்? துருவல் அங்கே பதார்த்தத்தின் மேல் வந்து விழும் அலங்காரம் அன்று. மற்றவற்றை ஒன்றாக்கும் ஊடகம். அதனால்தான் பெயர் பொருளை விட்டுக் கையின் வேலையைப் பற்றிக்கொண்டது என்பது என் துணிபு. ‘உரப்’ என்ற சொல்லின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

அச்சொல்லுக்கு எளிதில் கைக்கு எட்டும் விளக்கம் ஒன்று உண்டு. மலாயில் உரப் என்றால் மேனியில் பூசும் நறுமணக் குழம்பு. உடம்பில் பூசுவதைப் போலவே கீரையின்மேல் துருவல் பூசப்படுகிறது, அந்தப் பூச்சே பதார்த்தத்தின் பெயராயிற்று என்று சொல்லிவிடலாம். இந்தோனேசிய மொழியில் இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதால் இது மேலும் நம்பத் தோன்றும். ஆனால் பாலி மொழியிலும் ஜாவானிய மொழியிலும் பதார்த்தப் பெயரின் ஈற்றெழுத்து வேறு. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அவ்விரு மொழிகளிலும் அது ‘கம்பு’ என்பதில் வரும் மெலிந்த பகரம். மலாயின் பூச்சுச் சொல்லிலோ ‘அப்பம்’ என்பதில் வரும் வலிந்த பகரம். மலாயின் சொந்தச் சொற்கள் மெலிந்த பகரத்தில் முடிவதில்லை. அரபியிலிருந்து வந்த ‘ஜவாப்’ போன்றவையே அப்படி எழுதப்படுகின்றன, அவற்றின் ஈறும் பேச்சில் வலித்தே ஒலிக்கும். எனவே ஜாவானியச் சொல் இந்தோனேசியப் பொதுமொழிக்குள் நுழைந்தபோது அதன் ஈறு வலித்தது, ஏற்கனவே அங்கிருந்த பூச்சுச் சொல்லோடு வடிவில் ஒன்றிப்போனது என்று கொள்வதே பொருத்தம். ஜாவானியத்தில் அந்தச் சொல்லின் இயல்பான பொருள் கலத்தல். பூசுவதும் கலப்பதும் தொலைவான செயல்கள் அல்லவே, ஆதியில் ஒரே வேராக இருந்திருக்கலாமே என்று கேட்பவர்களை நான் மறுக்கப் போவதில்லை. அத்தனை ஆழத்தில் இருந்திருக்கலாம். ஆனால் ‘கலத்தல்’ என்ற பொருள் கண்முன் உயிரோடு இருக்க, பதார்த்தத்தின் பெயருக்காக மேனிப்பூச்சைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய தேவை இல்லை.

சமைக்கும் முறையும் இதையே சொல்கிறது. பாலியில் உரப்புக்கும் லாவாருக்கும் தேங்காயைப் பெரும்பாலும் நெருப்பில் வாட்டிய பிறகே துருவுகிறார்கள். வாட்டிய தேங்காயில் புகைமணம் ஏறுகிறது, ஈரமும் குறைகிறது. அதன்பின் வெந்த காய், துருவல், ‘பாசெ கெனெப்’ எனப்படும் முழு மசாலா விழுது மூன்றையும் கையால் சேர்த்துப் பிசைகிறார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, பேரரத்தை, கச்சோலம், மஞ்சள், இஞ்சி, மிளகாய், இறால் விழுது எல்லாம் அரைந்து எண்ணெயில் வதங்கிய விழுது அது. வெந்த கீரையில் தண்ணீர் நிற்கும். எண்ணெய் விழுது அதில் ஒட்டாமல் வழுக்கி அடியில் தங்கும். எண்ணெய்ப் பசையும் நாரும் ஒருங்கே கொண்ட துருவல் நடுவில் வந்தால், ஒருபுறம் நீரை உறிஞ்சுகிறது, மறுபுறம் விழுதைப் பிடித்துக்கொள்கிறது. கை நின்றுவிட்டால் இது நடக்காது. சாத்தே லிலித்திலும் அப்படித்தான்: மீன் விழுதின் பிசுபிசுப்பு குச்சியைப் பற்றுகிறது, துருவலின் கொழுப்பு அதை வறண்டு இறுகாமல் காக்கிறது. அந்தப் பெயரில் உள்ள ‘லிலித்’ என்பதற்குச் சுற்றுதல் என்று பொருள். இங்கும் பெயருக்குள் புகுந்தது கையின் வேலைதான்.

சாவுர் என் வாதத்தைக் கவிழ்க்கும் என்று தோன்றலாம். மஞ்சளும் மசாலாவும் சேர்த்துப் பொன்னிறமாகும்வரை வறுத்த துருவல் அது. எதோடும் பிசையப்படாமல், உதிரியாய்ச் சோற்றின்மேல் விழுகிறது, படையலிலும் இடம்பெறுகிறது. அப்படியானால் துருவல் அலங்காரமாகவும் இருக்கிறதே? இருக்கிறது, அதற்குத் தனிப்பெயரும் இருக்கிறது. ஜாவானியத்தில் ‘சவுர்’ என்றால் தூவுதல், இறைத்தல். பாலியின் சாவுர் அதன் உறவாக இருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். வறுத்து ஈரம் போன துருவலால் காயின் நீரையும் விழுதையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. எனவே அதை உரப் என்று யாரும் சொல்வதில்லை. பிசைவதற்கு ஒரு சொல், தூவுவதற்கு ஒரு சொல் என்று வகுத்து வைத்த மொழியில், பிசைவதன் பெயரைப் பெற்ற பதார்த்தத்தைத் தூவலாகப் படிப்பது பிழை. உரப்பைத் தமிழ் வாசகர் பொரியலாக எண்ணிவிடவும் கூடாது. பொரியலில் இறக்கும் நேரத்தில் போடும் துருவலை விட்டுவிட்டாலும் அது பொரியல்தான். உரப்பில் துருவலை விட்டால் மிஞ்சுவது வெந்த கீரை.

லாவார் என்ற சொல்லை இப்படிப் பிரித்துக் காட்ட முடியாது; அதன் வினைப்பொருள் இன்று தெளிவாக இல்லை. ஆனால் தெற்குச் சுலாவேசிக்குப் போனால் ஒரு துணை கிடைக்கிறது. அங்கே லுவுப் பகுதியில் ‘லாவா’ என்றும், மக்காசார் பேச்சில் ‘லாவரா’ என்றும் ஒரு பதார்த்தம் உண்டு. புளிப்பில் ஊறிய பச்சை மீனையோ நறுக்கிய வாழைப்பூவையோ வாட்டிய தேங்காய்த் துருவலோடு கலப்பார்கள். ரகர ஈற்றுக்குப் பின் ஓர் உயிரொலி ஒட்டுவது மக்காசாரின் வழக்கம், ஆகவே வடிவம் பொருந்துகிறது. பாலியில் பன்றி இறைச்சியும் இரத்தமும், சுலாவேசியின் முஸ்லிம் கடற்கரைகளில் மீன் என்று உள்ளீடு முற்றிலும் வேறு. சமயமும் வேறு. இரண்டிலும் மாறாமல் நிற்பது வாட்டிய துருவலும் கலக்கும் முறையும் மட்டுமே. சொல் எதைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டியது என்பதற்கு இதைவிட வலுவான குறிப்பு வேண்டியதில்லை.

செயலால் பெயரிடுவது எங்கும் உள்ளதுதானே, நம் துவையலும் கூட்டும் அவியலும் அப்படித்தானே, இதில் பாலிக்கு என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனிச்சிறப்பு பெயரிடும் முறையில் இல்லை. எந்தச் செயலைத் தேர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. வேகவைப்பதும் வதக்குவதும் வாட்டுவதும் நிறைந்த ஒரு சமையலில், அடுப்பை விட்டு இறங்கிய பிறகு நடக்கும் கலத்தலைப் பெயராக்கினார்கள். இந்தத் தேர்வு ஒரு பதார்த்தத்தோடு நிற்கவில்லை. 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் திருநாளுக்கு முந்தைய நாளான பெனம்பஹானில் ஆண்கள் கூடிப் பன்றி அறுத்து, லாவாரும் உரப்பும் சாத்தேயும் செய்கிறார்கள். இத்தகைய சடங்குச் சமையலுக்கு விதி சொல்லும் ஓலைச்சுவடியின் பெயர் தர்ம சாருபான். ‘சாருப்’ என்பதும் கலத்தல்தான்.