இத்தாலி டூர்: டிக்கெட் கையில் இருந்தும் அபராதமா? ரயில், பஸ் ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

இத்தாலியில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. அதில் முத்திரை பதிக்காமல் ஏறினால், டிக்கெட் இருந்தும் அபராதம் கட்ட வேண்டி வரலாம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

எந்த ரயிலுக்கு முத்திரை தேவை?

ஃப்ரெச்சாரோஸா, இட்டாலோ போன்ற அதிவேக ரயில்களுக்குத் தேவையில்லை. தேதி, ரயில், இருக்கை எல்லாம் டிக்கெட்டிலேயே இருக்கும்.

'ரெஜியோனாலே' எனப்படும் உள்ளூர் ரயில்களில் அப்படியில்லை. காகித டிக்கெட்டில் குறிப்பிட்ட ரயில் எது என்று இருக்காது. முத்திரை இல்லாவிட்டால் அதே டிக்கெட்டை மறுபடியும் பயன்படுத்த முடியும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. பிளாட்பாரத்தில் உள்ள சிறிய இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால் தேதியும் நேரமும் பதிவாகும். அதன்பிறகு 4 மணி நேரம் செல்லும்.

இயந்திரம் வேலை செய்யலையா? டிக்கெட்டில் தேதி, நேரம், இடத்தைப் பேனாவால் எழுதி, ஏறியதும் நீங்களே பரிசோதகரிடம் சொல்லிவிடுங்கள்.

மொபைலில் வாங்கினால்?

உள்ளூர் ரயிலுக்கு ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கு, ஏறும் முன் 'செக்-இன்' செய்ய வேண்டும். டேட்டா இல்லாமல் கடைசி நிமிடத்தில் தவிக்காதீங்க.

எப்போது புக் செய்யலாம்?

அதிவேக ரயில் கட்டணம் விமான டிக்கெட் மாதிரி ஏறிக்கொண்டே போகும். முன்கூட்டியே எடுப்பது லாபம். உள்ளூர் ரயிலுக்குக் கட்டணம் நிலையானது, அவசரம் வேண்டாம்.

நகரத்துக்குள் எப்படி?

'டபாக்கி' எனப்படும், 'T' போர்டு வைத்த கடைகளில் பஸ், மெட்ரோ டிக்கெட் கிடைக்கும். பஸ்ஸில் ஏறியவுடன் அதையும் முத்திரையிட வேண்டும். ரோமில் ஒருமுறை டிக்கெட் 100 நிமிடம் செல்லும். அதற்குள் எத்தனை பஸ்ஸும் மாறலாம். மெட்ரோவில் ஒரே ஒரு பயணம்தான்.

ரோம், மிலான் மெட்ரோவில் வங்கி கார்டைத் தட்டியும் போகலாம். ஒவ்வொருவருக்கும் தனி கார்டு வேண்டும். மிலானில் வெளியேறும்போதும் அதே கார்டைத் தட்டணும். இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் இரண்டையும் ஊரிலேயே ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெனிஸில் எங்கே இறங்கணும்?

'வெனேசியா மெஸ்த்ரே' நிலப்பகுதியில் உள்ள நிலையம். கால்வாய் நகரத்துக்கு அடுத்த நிறுத்தமான 'சாந்தா லூசியா'வில் இறங்குங்கள்.

'ஷோபெரோ' என்று பார்த்தால்?

அப்படியென்றால் வேலைநிறுத்தம். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத ரயில்கள் ஓடும். விமானம் பிடிக்கும் நாளில் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.