883 நாள் தாமதம்: கெடு தவறினா வழக்கு என்ன ஆகும்?

போன எபிசோடில் தேசிங்கு ராஜா கதை பேசினப்போ ஒரு விஷயத்தை வேகமா தாண்டிட்டேன். 1714இல் அப்பா சொரூப் சிங் இறந்ததும் தேசிங்கு செஞ்சிக் கோட்டைக்குப் பொறுப்பேற்கிறார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் தரப்பில் ரெண்டு கேள்வி. கட்டவேண்டிய பாக்கி எங்கே? ஔரங்கசீப் கொடுத்த பர்மானைப் புது பாதுஷாகிட்ட உறுதி பண்ணிக்கிட்டியா? அதுக்கப்புறம் நடந்த சண்டை உங்களுக்கே தெரியும். ராஜகிரி ஏறுறவங்க குதிரையைப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்கு அந்தப் புதுப்பிக்காத காகிதம்தான் கண்ணுல நிக்குது.

காரணம், எங்க பெரியப்பா. வரப்புத் தகராறில் வந்த சம்மனை அமீனாகிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கி, காலண்டருக்குப் பின்னாடி சொருகிட்டார். "வாய்தா மேல வாய்தா போடுவாங்க, பாத்துக்கலாம்"னு நெனப்பு. எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆனதே நாலு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

சட்டம் என்ன சொல்லுது? சம்மன் வாங்கின 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் பண்ணணும். காரணம் எழுதி நீதிபதி 90 நாள் வரை நீட்டிக்கலாம். இது 2002 திருத்தம். அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம்ம சேலம் வக்கீல் சங்கம். 2005 தீர்ப்பு, 90 நாள்ங்கிறது இரும்புச் சுவர் இல்ல, ஆனா விதிவிலக்கான சூழ்நிலையில்தான் அதைத் தாண்டலாம்னு சொல்லிச்சு. வணிக வழக்குகளில் அந்தச் சலுகையும் கிடையாது. 120 நாள் தாண்டினா பதிலுரை தாக்கல் பண்ற உரிமையே போச்சு.

எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து பண்ணவும் 30 நாள்தான். சம்மன் ஒழுங்கா சார்வு ஆகலன்னா, டிக்ரி விஷயம் தெரிஞ்ச நாளிலிருந்து எண்ணலாம். பெரியப்பாதான் கையெழுத்தே போட்டுட்டாரே! அதனால டிக்ரி தேதியிலிருந்துதான் கணக்கு. மிச்சமிருக்கிற ஒரே வழி காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு: தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு.

அதுக்கு எல்லா வக்கீலும் எடுத்துக் காட்டுறது பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கு. 1991இல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. ரத்து கேட்ட மனுவும் 1993இல் ஆள் வராததால தள்ளுபடி. அதை மீட்கப் போட்ட மனு 883 நாள் லேட். வக்கீல் கவனிக்கலன்னு கட்சிக்காரர் நுகர்வோர் மன்றம் போய் 50,000 ரூபாய் நஷ்டஈடே வாங்கியிருந்தார். கீழ்க்கோர்ட் மன்னிச்சது, சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் திரும்ப மன்னிச்சு, எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. எத்தனை நாள்ங்கிறது முக்கியமில்ல, காரணம் நம்புற மாதிரி இருக்கான்னுதான் பார்க்கணும்னு அந்தத் தீர்ப்பு. இந்த மனசு புதுசும் இல்ல. 1890லயே சென்னை உயர் நீதிமன்றம், அலட்சியமோ கெட்ட எண்ணமோ இல்லன்னா 'போதிய காரணம்'ங்கிற சொல்லுக்குத் தாராளமா பொருள் கொள்ளணும்னு சொல்லிடுச்சு.

ஆனா ஒண்ணு. 5ஆம் பிரிவு அப்பீலுக்கும் மனுவுக்கும்தான், புதுசா வழக்கு போடுறதுக்கு இல்ல. அதனாலதான் ஊர்ல கடன் கொடுத்தவங்க மூணு வருஷம் முடியுறதுக்குள்ள "நோட்டை மாத்தி எழுதிக் குடுப்பா"ன்னு வந்து நிக்கிறாங்க. அவங்களுக்குச் சட்டப் படிப்பு தேவைப்படல. எதிராளி வாயே திறக்கலன்னாலும், காலாவதியான வழக்கைக் கோர்ட்டு தானாவே தள்ளணும். டைம்அவுட் ஆன ரிக்வெஸ்ட்டை சர்வர் என்ன பண்ணுமோ அதேதான்.

பெரியப்பா கதைக்கு வருவோம். காலண்டர் சமாச்சாரம் 'போதிய காரணம்' ஆகுமா? அப்போ அவர் சிறுநீரகக் கல்லுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த ரசீதுகளைத் தேடி எடுத்து மனுவோட வெச்சிருக்கோம். அது மூணு வாரத்துக்குத்தான் பதில் சொல்லும். அடுத்த வாய்தா வர்ற மாசம் 12. தேதி இப்போ என் போன்லயும் இருக்கு, அண்ணன் போன்லயும் இருக்கு.